பதிவாகாத ஐந்து இறக்கங்கள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆவுடையார்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்பா இறந்தார். நான் ஜெர்மனியில் இருந்தேன்.

2. என் வசிப்பு அனுமதி அட்டை அதற்குப் பத்து நாள் முன்பே காலாவதியாகியிருந்தது. புறப்பட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது.

3. அண்ணன் அப்பாவின் உடலைப் பிரீசர் பெட்டியில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மாலை வரை எனக்காகக் காத்திருந்தார்.

4. அந்தச் சனியும் ஞாயிறும் நான் ஆய்வகத்தில் ஒரு பீங்கான் வில்லையின் வெப்பநிலையை அளந்துகொண்டிருந்தேன்.

5. அந்த அளவீடுகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் என்னுடையது.

6. இந்த வருடம், அப்பாவின் முதல் வருடத் திதிக்கு நான் ஊருக்குப் புறப்பட மூன்று வாரம் இருந்தபோது, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த லேனா என்ற ஆய்வு மாணவி, என் எண்கள் தனக்கு வரவில்லை என்று சொன்னாள்.

இதில் நான்காவது என் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று பந்தலில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆறாவது நடக்காமல் போயிருந்தால், தெரியாமலே இருந்திருக்கும்.

*

என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. ஒரு வகைப் பீங்கான் இருக்கிறது. அதை நாணயம் போல வட்டமாக, நாணயத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை பூசி, உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் அது லேசாகச் சூடாகும். மின்னழுத்தத்தை எடுத்தால் குளிரும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பகுதிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மின்புலம் வந்ததும் அவை ஒரு திசைக்குத் திரும்பி ஒழுங்காகின்றன, அப்போது வெப்பம் வெளியே வருகிறது. மின்புலம் போனதும் ஒழுங்கு கலைகிறது, அப்போது வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மற்ற பீங்கான்களில் இது ஏதோ ஒரு வெப்பநிலையைச் சுற்றி மட்டும்தான் நன்றாக நடக்கும். ரிலாக்சர் என்று நாங்கள் சொல்லும் வகையில், அறை வெப்பநிலையை ஒட்டி அகலமான ஒரு வரம்பு முழுக்க நடக்கும். அதனால்தான் அதன் மேல் இவ்வளவு பேருக்கு ஆசை. கேஸ் வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம், சத்தம் வராது. இறங்குவது ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு. பல வில்லைகளை அடுக்கி, சூட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால்தான் ஒரு பிரிட்ஜ் ஆகும். அது இன்னும் தூரத்தில் இருக்கிறது.

இதில் ஒரு விதி உண்டு. சூடாகும்போது ஏறும் அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வில்லைக்குள் கசியும் மின்சாரமும் சூட்டைக் கூட்டும். கலைந்து கிடந்தவை முதல் தடவை ஒழுங்காகும்போதும் ஏற்றம் அதிகமாகக் காட்டும். மின்புலத்தை எடுத்த பிறகு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உண்மையான குளிர். சேர்ந்த முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். லேனாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்.

அவள் என் மேசைக்கு வந்து தன் வரைபடத்தை என் வரைபடத்தின் மேல் வைத்துக் காட்டினாள். பதினொரு வெப்பநிலைகளில் ஆறில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்தில் என்னுடையது மேலே நின்றது. தான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று பிற்பகல் பழைய கோப்புகளைத் திறந்தேன். ஐந்து கோப்புகளில் ஏற்றம் மட்டும் பதிவாகியிருந்தது. இறக்கம் இல்லை. இறக்கத்துக்கான கட்டத்தில் ஏற்றத்தின் எண்ணையே நான் தட்டச்சு செய்திருந்தேன். ஐந்து கோப்புகளும் முடிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, என் போனில் அண்ணனிடமிருந்து அந்த இரண்டு நாளில் வந்த அழைப்புகளின் நேரத்தோடு ஒப்பிட்டேன். நிமிடக் கணக்கில் ஒத்துப்போயின.

எப்படி நடந்திருக்கும் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. உயர் மின்னழுத்தம் உள்ள மேசையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு இருக்கும். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கூண்டின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக அறுந்துவிடும், பாதுகாப்புக்காக. வெளியே மேசையில் போன் அதிரும்போது நான் பதிவை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வந்து எடுத்திருக்கிறேன். நான் தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது வில்லை தன் பாட்டுக்குக் குளிர்ந்திருக்கிறது. அதைப் பதிவு செய்ய எதுவும் ஓடவில்லை. திரும்பி வந்து மறுபடி அளந்திருக்கலாம். வில்லையைச் சூடாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நான் அளக்கவில்லை. ஏறியது இறங்கியிருக்கும் என்று எண்ணைப் போட்டுவிட்டேன்.

*

அண்ணனின் தொழிலைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கத்தாரில் எட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். திரும்பி வந்து புதுக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை போட்டார். பிரிட்ஜ், ஏசி பழுது பார்ப்பது பாதி. மீதி, மூன்று பிரீசர் பெட்டிகளை வாடகைக்கு விடுவது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் பெட்டிகள் சும்மா இருப்பதில்லை. வெளியில் இருக்கும் பிள்ளை வந்து முகம் பார்த்து வாய்க்கரிசி போடும் வரை உடல் கெடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

பெட்டி கேட்டு வருபவரிடம் அவர் முதலில் கேட்பது முகவரி இல்லை. இந்த முறை கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்பதை நானே காதால் கேட்டேன். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

"எந்த நாட்டுலேருந்து வரணும்?"

"மூத்தவன் மஸ்கட்டுங்க."

"அப்ப நாளைக்கு மத்தியானம் போதும். எளையவரு?"

"அவன் இங்கிட்டு திருச்சியிலதாங்க இருக்கான். ஆனா வர்றானான்னு தெரியல, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"திருச்சிக்காரருக்குத்தாங்க லேட்டாகும். நாளன்னைக்கு வரைக்கும் போட்டுக்கிறேன்."

வந்தவர் துக்கத்தோடே சிரித்துவிட்டார்.

பெட்டியில் அண்ணனுக்கு இருக்கும் ஒரே குறை கம்ப்ரசர் சத்தம். ஒப்பாரி நிற்கும் நேரத்தில் அது மட்டும் கேட்கும் என்பார். நான் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தபோது வீட்டில் உடனே புரிந்துகொண்டவர் அவர்தான். தங்கச்சி சத்தம் போடாத பெட்டி செய்யப் போகுது என்று கடைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இது பெரிய சைசில் வர இன்னும் பல வருடம் ஆகும் என்று நான் விளக்கினேன். "பரவால்ல, நான் சாகுறதுக்குள்ள வந்தாப் போதும், எனக்கே யூஸ் ஆகும்" என்றார். அப்பா பக்கத்தில் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தத்துக்கு நடுவில் தூங்கிப் பழகியவர். தனக்குச் சத்தம் ஒன்றும் தொந்தரவு இல்லை என்றார்.

*

இங்கே வசிப்பு அனுமதி தரும் வெளிநாட்டவர் அலுவலகம் பற்றி எழுதாத புலம்பெயர்ந்தவர் இருக்க மாட்டார். என் பங்குக்குச் சுருக்கமாக. அட்டை முடிவதற்கு ஆறு வாரத்துக்கு முன் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். என் பட்டியலில் அது ஏழாவது இடத்தில் இருந்தது. அதற்கு மேலே இருந்த ஆறும் ஆய்வக வேலைகள். கடைசியில் இணையத்தில் விண்ணப்பித்தேன். கிடைத்தது ஒரு மின்னஞ்சல். வரிசைப்படி பதில் வரும், மறுபடி கேட்டு எழுத வேண்டாம், கேட்டு எழுதினால் தாமதமாகும். ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் அதற்கென்று ஒரு தாள் தர வேண்டும். அந்தத் தாளை அந்த அலுவலகம் மட்டுமே தர முடியும்.

அண்ணன் போன் செய்தபோது இங்கே வெள்ளிக்கிழமை முற்பகல் முடியும் நேரம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள், பத்து நிமிடம் தாமதம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு பெண் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டினேன். என் ஜெர்மன் ஆய்வகத்துக்கும் கடைக்கும் போதும், அன்று போதவில்லை. அப்பா இறந்துவிட்டார் என்பதை நான் நிகழ்காலத்தில் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆம்புலன்சுக்கான எண்ணைக் கண்ணாடி வழியாக விரல்களில் காட்டினார். தப்பைத் திருத்திச் சொன்னேன். தன் வருத்தத்தைச் சொன்னார், திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை என்று அண்ணனிடம் அப்போதே சொல்லியிருந்தால், சனிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

சனி, ஞாயிறு உயர் மின்னழுத்தக் கருவி எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்று குழுக்கள் பங்குபோடும் கருவி, விட்டால் மறுமுறை எப்போது வரும் என்று தெரியாது. அதனால் போனேன் என்று சொன்னால் உண்மை. அறையில் இருக்க முடியாமல் போனேன் என்று சொன்னாலும் உண்மை. எது முதலில் வந்தது என்பதை இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளில் அண்ணன் ஐந்து தடவை அழைத்தார். ஐந்து தடவையும் நான் வெளிநாட்டவர் ஆபீசில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நானே அழைத்து, முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்றேன். அங்கே அந்தி சாயும் முன் எடுத்தார்கள். பெட்டியின் கண்ணாடிக்கு அடியில் இருந்த முகத்தை அண்ணன் மகள் போனில் காட்டினாள். கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால் சரியாகத் தெரியவில்லை.

*

திதிக்கு ஊருக்குப் போனேன். இப்போது அட்டை செல்லும். என் வேலை ஒப்பந்தம் இருக்கும் வரை செல்லும்.

அண்ணன் மகள் ஒன்றாம் வகுப்பு. போன வருடம் வரை போனைப் பிடுங்கிப் பேசுவாள். இப்போது நேரில் நின்றால் தன் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போகிறாள். "அத்தைகிட்ட பேசு" என்று தள்ளிவிட்டதும், பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் என் பெயரையும் நான் படிக்கும் வகுப்பையும் கேட்டாள். வெளிநாட்டில் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள் என்று மற்றவர்கள் எழுதுகிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் கைவிட்டுப் போகும் பிள்ளை நான்தான். ஆமாம் என்பதற்கு "யா" என்கிறேனாம். அம்மா இரண்டு நாள் பொறுத்துவிட்டு, மாட்டை ஓட்டுவது போல் இருக்கிறது என்றார்.

திதி முடிந்து இலை போட்டபோது சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றி இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "போன வருசம் இந்தப் புள்ள அந்த ஆபீசுக்கு எம்புட்டு அலைஞ்சுச்சு தெரியுமா, வெள்ளக்காரன் விடல" என்றார். பலர் தலையாட்டினார்கள். எனக்குக் கூடுதலாக ஓர் அப்பளம் வைத்தார்கள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணன் திரும்பி வந்த ஒரு பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைச் சொன்னேன்.

"அண்ணே, அந்த ரெண்டு நாளும் நான் ஆபீசுக்குப் போகல. ஆபீஸ் லீவு."

அவர் குழாயை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார். "நாட்டுக்கு நாடு என்னைக்கு ஆபீஸ் தொறக்கும்னு தெரியாமயா இந்தத் தொழில் பண்றேன்?"

"அப்பறம் எதுக்கு வச்சிருந்தீங்க?"

"பந்தல்ல கேட்டாங்கள்ல. ட்ரை பண்ணிக்கிட்டு இருக்குன்னு சொன்னேன். சனிக்கெழமையே எடுத்திருந்தா புள்ள வரலன்னு ஆயிருக்கும். ஞாயித்துக்கெழம எடுத்ததால, புள்ளைக்கு வர முடியலன்னு ஆச்சு. அம்மா நாளைக்கு நாலு பேரு மூஞ்சில முழிக்கணுமா இல்லையா."

சித்தி சொன்ன அலைச்சல் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மற்ற இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். லேப்பில் இருந்தேன். அவர் போன் வந்த ஐந்து தடவையும் அளவு விட்டுப்போய், அந்த இடத்தில் பொய்யான எண்ணை எழுதினேன், இப்போது அதைத் திருத்தப் போகிறேன்.

குழாயை நிறுத்தினார்.

"வேல பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"ரெண்டு நாளுமா?"

"ஆமாண்ணே."

துணியை எடுத்துப் பெட்டியின் உட்புறத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நான்கு மூலையும் துடைத்து முடித்தார்.

"ஆபீஸ் லீவுன்னு தெரியும்ல எனக்கு. அப்பறம் எதுக்கு அஞ்சு தடவ போன் பண்ணுவேன்?" என்றார். "தனியா ரூம்ல கெடப்ப, சாப்பிட்டிருக்க மாட்டன்னு நெனச்சுப் பண்ணேன். கேக்குறதுக்கு ஒன்னுமில்ல, அதான் ஆபீசப் பத்திக் கேட்டேன்."

 

கிளம்பும்போது, இதையெல்லாம் தமிழில் ஒரு கட்டுரையாக எழுதலாமா என்று கேட்டேன். சித்தியும் பந்தலில் இருந்தவர்களும் நம்பிக்கொண்டிருப்பதையும் திருத்த வேண்டும் என்றேன்.

"எழுது. என் பேரப் போடாத. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா ஒன்னு ரெண்டுன்னு நம்பர் போட்டுச் சொல்லுவ."

*

திரும்பி வந்து என் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். எத்தனை புள்ளிகள்? தெரிந்தே போட்ட எண்ணா? ஐந்து என்றேன். தெரிந்தே என்றேன். அன்று என் தந்தை இறந்திருந்தார் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அது காரணமாக இருக்கலாம், அளவீடு ஆகாது. லேனாவிடம், அவள் எங்கும் தப்புச் செய்யவில்லை என்று சொன்னேன். நிம்மதியடைவாள் என்று நினைத்தேன். மற்ற ஆறு புள்ளிகளின் கோப்புகளையும் பார்க்கலாமா என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லாவற்றையும் கொடுத்தேன். அவை சரியாக இருந்தன.

இப்போதைய நிலை இது. திருத்தம் வெளிவந்துவிட்டது. ஐந்து புள்ளிகள் நீக்கப்பட்டன, ஆறு நிற்கின்றன. கட்டுரையின் தலைப்பில் இருந்த மிகப் பெரிய குளிர் அந்த ஐந்தில் ஒன்று, அதனால் தலைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. என் ஒப்பந்தம் மார்ச் வரை. நீட்டிப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும். அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை, மழை பெய்ததைச் சொன்னார். அண்ணனுக்கு நான் அழைத்தால் எடுக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். அவராக இன்னும் ஒரு தடவையும் அழைக்கவில்லை.